ஐ.டி.ஐ.யில் எந்த ட்ரேடு? வழிகாட்டும் மென்பொருளை எந்த முறையில் கட்டுவது

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் எந்த ட்ரேடு என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் ஒரு வெல்டிங் கூடத்துக்குள் போய் நின்று பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. மாமா சொன்னார் என்று ஃபிட்டர் எடுக்கிறார்கள். தெருவில் ஓர் அண்ணன் மின்வாரியத்தில் சேர்ந்துவிட்டார் என்று எலக்ட்ரீசியன் கேட்கிறார்கள். மார்க் குறைந்தவர்கள் கலந்தாய்வில் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று தெரியவரும்போது பலருக்கு ஒரு வருடம் போயிருக்கும்.

மாணவரிடம் கேள்வி கேட்டு, அனுபவசாலிகள் வகுத்துக் கொடுத்த விதிகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரும் மென்பொருளை வல்லுநர் அமைப்பு என்கிறோம். ட்ரேடு தேர்வுக்கு அது நன்றாகவே பொருந்தும். இந்தோனேசியாவில் எஸ்.எம்.கே. எனப்படும் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் பிரிவு தேர்ந்தெடுக்க இப்படிப்பட்ட அமைப்புகளைக் கல்லூரி மாணவர்கள் வருடாவருடம் ஆய்வுத் திட்டமாகச் செய்கிறார்கள். நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கடைசி வருட ப்ராஜெக்டாக இது வரத்தான் செய்கிறது. வைவா முடிந்ததும் பெரும்பாலும் அது ஒரு பென்டிரைவில் அடங்கிப்போகிறது. ஓர் ஐ.டி.ஐ. முதல்வரோ பயிற்சி அலுவலரோ இதை உண்மையாகவே சேர்க்கைக் காலத்தில் பயன்படுத்த நினைத்தால், இருக்கும் முறைகளில் எதை எடுப்பது என்பதே இங்கே பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகளின் மேல் கட்டி, மாணவரின் விருப்பம் போன்ற உறுதியில்லாத தகவல்களுக்கு உறுதிக் காரணியை, அதாவது ஒரு தகவலை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்ணைச் சேர்த்த அமைப்புதான் இதற்குச் சரி. மற்றவற்றில் சிலவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

கறாரான விதிகள் எவை

ட்ரேடு தேர்வில் மாணவரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத சில செய்திகள் இருக்கின்றன. எலக்ட்ரீசியன், ஃபிட்டர் ட்ரேடுகளில் சேரக் கணிதமும் அறிவியலும் படித்துப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். வெல்டருக்கும் வயர்மேனுக்கும் எட்டாம் வகுப்பே போதும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர், கோபா (கணினி இயக்குதல், நிரல் உதவியாளர் பயிற்சி) ஒரு வருடம்.

ஒரு வருடத்தில் முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்பது வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய ஈர்ப்பு. ஆனால் பின்னாளில் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர வேண்டுமென்றால் பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. வேண்டும். வெல்டர் மட்டும் முடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. இதைச் சேரும்போதே எத்தனை பேருக்குச் சொல்கிறோம்?

ரயில்வே இன்னொரு உதாரணம். உதவி லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர் பணிக்கு ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், டீசல் மெக்கானிக் போன்ற ட்ரேடுகளை ஏற்கிறார்கள். வெல்டரும் கோபாவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு அந்தப் பணிக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமல் முழுப் பார்வையும், நிறம் பிரித்தறியும் திறனும் இருந்தாக வேண்டும். எலக்ட்ரீசியன் வேலையிலேயே வயர்களின் நிறத்தை வைத்துத்தான் பாதி வேலை நடக்கிறது. நிறக்குருடு இருப்பது தெரியாமலேயே பதினைந்து வயது வரை வந்துவிடுகிற பையன்கள் உண்டு. இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சந்தேகம் வந்துவிடும். உறுதிசெய்யக் கண் மருத்துவரிடம் அனுப்பலாம். லோகோ பைலட் ஆசையோடு எலக்ட்ரீசியன் கேட்கும் பையனிடம் இதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்வது நம் கடமை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் விதி எதிர்ப்பக்கமாக வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு ட்ரேடின் பாடத்திட்டத்திலும் எந்த வகை மாற்றுத்திறனாளிகள் அதில் சேரலாம் என்ற பட்டியல் இருக்கிறது. காது கேட்காத பிள்ளைக்குப் பட்டறை சரிவராது என்று மேசையில் இருப்பவர் தன் மனதுக்குப் பட்டதைச் சொல்லி அனுப்பிவிடும் ஆபத்தை, அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றிய ஒரு நிரல் தடுக்கும்.

இவையெல்லாம் ‘இப்படி இருந்தால் அப்படி’ என்று ஒரே வரியில் எழுதக்கூடிய விதிகள். இவற்றைக் கையாள வேறெந்த முறையும் தேவையில்லை.

எடை போட்டுக் கூட்டும் முறைகள்

ப்ராஜெக்டுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். கணித மார்க்குக்கு இத்தனை, விருப்பத்துக்கு இத்தனை, வேலைவாய்ப்புக்கு இத்தனை என்று எடை கொடுத்துக் கூட்டி, அதிகம் வந்த ட்ரேடை முதலில் காட்டுவது. ஹுவாங், யூன் இருவரும் 1981-இல் முன்வைத்த டாப்சிஸ் முறை இதில் இன்னும் நயமானது; கற்பனையான மிகச் சிறந்த தேர்வுக்கு எவ்வளவு அருகில், மிக மோசமானதற்கு எவ்வளவு தொலைவில் என்று அளக்கிறது.

இவற்றின் குறை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடலாம் என்ற கணக்கு இது. கணிதத்தில் 95 வாங்கியது நிறக்குருட்டை ஈடுசெய்துவிடும் என்று கூட்டல் சொல்லும். ரயில்வே மருத்துவர் சொல்ல மாட்டார்.

தாமஸ் சாட்டி 1970-களில் வகுத்த ஏ.ஹெச்.பி. முறை இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்கிறது. 1 முதல் 9 வரை அளவுகோல். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதையும் கண்டுபிடித்துவிடும். முரண் விகிதம் 0.1-ஐத் தாண்டினால் மறுபடி யோசிக்கச் சொல்லும். அழகான முறைதான். ஆனால் ஐந்து அளவுகோல், ஆறு ட்ரேடு என்று வைத்தாலே அளவுகோல்களுக்குள் 10 ஒப்பீடு, ஒவ்வோர் அளவுகோலிலும் ட்ரேடுகளுக்குள் 15 வீதம் 75, ஆக 85 ஒப்பீடுகள். எந்த மாணவரும் இருபதாவது கேள்விக்கு மேல் மனதறிந்து பதில் சொல்ல மாட்டார். தவிர, தான் பார்த்தே இராத டர்னரையும் மெஷினிஸ்டையும் அவர் எப்படி ஒப்பிடுவார்? பயிற்றுநர்கள் ஒரு மதியம் உட்கார்ந்து எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள ஏ.ஹெச்.பி. உதவும். மாணவர் முன் வைக்க அல்ல.

மங்கல் தர்க்கம்

ஃபஸி லாஜிக் எனப்படும் இந்த முறை, லோட்ஃபி ஸாதே 1965-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 59 மார்க் ‘சுமார்’, 61 மார்க் ‘நல்லது’ என்று கோடு கிழிக்காமல், இரண்டும் ஓரளவு சுமார், ஓரளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளும். மார்க்கைப் பயன்படுத்துவதானால் இப்படிப் பயன்படுத்துவது நியாயம். ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் கைத்திறனைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். அரத்தால் ஓர் இரும்புத் துண்டைச் சமமாக ராவுவதற்கும் சமூக அறிவியல் மார்க்குக்கும் என்ன தொடர்பு? பலவீனமான தகவலை நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் கிடைக்கும் விடை பலவீனமானதுதான்.

பழைய தரவிலிருந்து கற்கும் நிரல்

இன்று எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பத்து வருட மாணவர் பதிவேட்டைக் கொடுத்தால் இயந்திரமே கற்றுக்கொள்ளாதா?

ட்ரேடு தேர்வுக்கு இதை எடுக்கக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஃபிட்டர் ஒரு யூனிட்டுக்கு 20 இடம், கோபாவுக்கு 24. ஒரு நிலையத்தின் பல வருடப் பதிவேடும் சில நூறு பெயர்கள்தான். அதிலும் எதை வெற்றி என்று கற்பிப்பது? தேர்வில் தேறியதையா? ஐந்து வருடம் கழித்து அதே தொழிலில் இருக்கிறாரா என்பதல்லவா நமக்கு வேண்டும்? அதைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. வெல்டர் எடுத்தவர் எலக்ட்ரீசியன் எடுத்திருந்தால் எப்படி வந்திருப்பார் என்பதற்கு எந்தத் தரவும் எங்கேயும் இல்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பழைய பதிவேட்டில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் தையலிலும் கோபாவிலும் இருப்பார்கள். அது அவர்களுடைய திறனைக் காட்டவில்லை. யார் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. அதைப் படித்த நிரல், மெஷினிஸ்ட் கேட்டு வரும் பெண்ணிடம் தையலைக் காட்டும். பாலினம் என்ற கட்டத்தை நீக்கினாலும் ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் என்று வேறு வழியாக அது உள்ளே வந்துவிடும். விதிகளால் ஆன அமைப்பில் அப்படி ஒரு விதி இருந்தால் யாரோ ஒருவர் அதை எழுதியிருக்க வேண்டும். எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்து அடித்துவிடலாம்.

புதிய ட்ரேடுகளுக்கோ தரவே கிடையாது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 (கணினியும் ரோபோவும் சேர்ந்த நவீனத் தொழில்முறை) மையங்களாக மாற்றியது. ரோபோ இயக்கம், நவீன சி.என்.சி. (கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம்), மின் வாகன மெக்கானிக் என்று வந்திருக்கும் இந்தப் பிரிவுகளில் பத்து வருடம் முன்பு முடித்தவர் என்று யாருமே இல்லை. அந்தக் கூடத்தில் நிற்கும் பயிற்றுநரிடம் கேட்டு விதி எழுதுவது முதல் வருடத்திலேயே முடியும்.

சாட்பாட்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். தமிழில் சரளமாகப் பேசும், பொறுமையாகப் பதில் சொல்லும். ஆனால் ஒரே பிள்ளைக்குக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லலாம், இல்லாத தகுதி விதியை உறுதியான குரலில் சொல்லிவிடலாம். மாணவர் தன் வார்த்தையில் சொல்வதைப் புரிந்துகொண்டு கேள்வித்தாளை நிரப்ப உதவட்டும். முடிவை அதனிடம் விடக் கூடாது.

உறுதிக் காரணி எப்படி வேலை செய்கிறது

1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற அமைப்பு, ரத்தத்தில் என்ன பாக்டீரியா தொற்று, எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை சொன்னது. அதில் சில நூறு விதிகள். மருத்துவத்தில் எதுவும் முழு நிச்சயம் இல்லை என்பதால், ஒவ்வொரு விதிக்கும் −1 முதல் +1 வரை ஓர் உறுதி எண் கொடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரை வைத்து நடந்த மதிப்பீட்டில், 1979-இல் வெளியான முடிவின்படி, அதன் பரிந்துரைகள் ஸ்டான்ஃபோர்டு மருத்துவப் பேராசிரியர்களுடையதற்குக் குறையாமல் இருந்தன. இருந்தும் அது மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதன் கணக்கு முறை மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

நம் விஷயத்துக்கு இதைக் கொண்டுவருவோம். ‘உனக்கு இயந்திரம் பிடிக்குமா’ என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்பார்கள். ‘சைக்கிள் செயின் கழன்றால் என்ன செய்வாய்’ என்று கேட்க வேண்டும். தானே மாட்டிக்கொள்வேன் என்பவருக்கு ஃபிட்டர் பொருந்தும் என்ற விதிக்குப் பயிற்றுநர்கள் 0.6 கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் தன் பதிலில் 0.8 அளவு உறுதியாக இருக்கிறார். பெருக்கினால் 0.48. அடுத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் எந்த வடிவம் வரும் என்ற படக் கேள்வி, அதற்கான 0.5-ஐ 0.8-ஆல் பெருக்கி 0.40. இரண்டும் ஒரே பக்கம் பேசுவதால், 0.48-ஓடு, 1-க்கு மீதமிருக்கும் 0.52-இல் 0.40 பங்கைச் சேர்த்து 0.688. பிறகு, நாள் முழுக்க வைஸ் (இரும்புத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) முன்னால் நின்று வேலை செய்வது பிடிக்காது என்கிறார். அது −0.3. எதிர்ப்பக்கச் சான்றுகளைச் சேர்க்கும் சூத்திரப்படி, வித்தியாசமான 0.388-ஐ, 1-இல் 0.3 போக மீதியான 0.7-ஆல் வகுத்தால் சுமார் 0.55.

0.55 என்ற எண்ணைப் பையனிடம் காட்ட வேண்டியதில்லை. அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வேண்டியது, “செயின் மாட்டுவேன்னு சொன்னே, பெட்டிக் கணக்கும் சரியாப் போட்டே, அதனால ஃபிட்டர் மேல வந்திருக்கு. ஆனா ஃபிட்டர்ல முதல் சில மாசம் நின்னுக்கிட்டே ராவற வேலைதான், அது பிடிக்காதுன்னு சொல்லியிருக்கே, யோசிச்சுக்கோ” என்ற விளக்கம். மைசினிலேயே ‘ஏன் கேட்கிறாய்’, ‘எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்’ என்று மருத்துவர் திருப்பிக் கேட்க வசதி இருந்தது. நம் அமைப்பில் எதை விட்டாலும் அந்த வசதியை விடக் கூடாது. காரணம் கேட்ட அம்மா, “அவன் வீட்டுல நாள் பூரா நிப்பான் சார், சும்மா சொல்றான்” என்று திருத்துவார். அந்தத் திருத்தத்துக்கு இடம் கொடுப்பதால்தான் மற்ற எல்லா முறைகளையும்விட இதை நான் மேலே வைக்கிறேன்.

இந்த முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே விஷயத்தை மூன்று கேள்வியாகக் கேட்டுவிட்டால் கணக்கு ஏமாறும். செயின், மிக்ஸி, மோட்டார் என்று மூன்றும் ‘கழற்றிப் பார்க்கும் பழக்கம்’ என்ற ஒன்றைத்தான் கேட்கின்றன. மூன்றுக்கும் 0.48 என்றால் சேர்ந்து 0.86 ஆகிவிடும், ஒரு சான்று மூன்று சான்றாக நடிக்கும். ஒரு குணத்துக்கு ஒரு கேள்வி, அதிகம் போனால் இரண்டு கேட்டு அவற்றில் பெரியதை மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வேண்டும். நான் பார்த்த பல ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இந்தக் கவனம் இல்லை.

முன்னோக்கியா, பின்னோக்கியா

விதி அமைப்புகள் இரண்டு திசையில் ஓடும். எல்லாக் கேள்வியையும் கேட்டு முடிவை நோக்கிப் போவது முன்னோக்கு. ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அது நிற்குமா என்று சோதிக்க வேண்டிய கேள்விகளை மட்டும் கேட்பது பின்னோக்கு. மைசின் அப்படித்தான் ஓடியது. ட்ரேடு தேர்வுக்கு முன்னோக்குதான் என்று பலரும் யோசிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கனவே ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். எலக்ட்ரீசியன் வேண்டும் என்று வந்து நிற்பவரிடம் நாற்பது கேள்வி கேட்டு “நீ டர்னர்” என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. எலக்ட்ரீசியனிலிருந்து பின்னோக்கி ஓட்டி, நிறப் பார்வை, உயரத்தில் ஏறப் பயமா, வரைபடம் பார்த்து இணைப்புக் கொடுக்கும் பொறுமை உண்டா என்று ஏழெட்டுக் கேள்வியில் அவருடைய ஆசையைச் சோதித்துக் காட்டுவதுதான் மரியாதை. எதுவும் தோன்றாமல் வருபவருக்கு மட்டும் முன்னோக்கு. ஒரே விதித் தொகுப்பை இரண்டு திசையிலும் ஓட்டலாம் என்பதால் கூடுதல் வேலை அதிகமில்லை.

கணினியே இல்லாத வழி

அரை நாள் பட்டறை. விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஃபிட்டர் வைஸ் முன் ஒரு மணி நேரம், லேத் பக்கத்தில் ஒரு மணி நேரம், கறுப்புக் கண்ணாடி முகமூடியோடு வெல்டிங் பொறியைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனால், எந்த மென்பொருளும் சொல்லாததை உடம்பே சொல்லிவிடும். இதற்கு இணையாக நான் எதையும் வைக்க மாட்டேன். விண்ணப்ப வாரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இதைச் செய்ய ஆளும் நேரமும் கிடைக்காது என்பதுதான் தடை. இங்கேதான் விதி அமைப்பு கைகொடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் ட்ரேடுகளை மூன்றாகக் குறைத்துக் கொடுத்தால், அந்த மூன்று கூடத்துக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

மூன்று என்பதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. கலந்தாய்வில் அவர் முறை வரும்போது முதல் தேர்வு காலியாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரே பெயரோடு போனவர் அது நிரம்பிவிட்டால் கையில் கிடைத்ததை எடுத்துவிடுவார். காரணத்தோடு மூன்று பெயர் எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால், இரண்டாவதை எடுக்கும்போதும் ஏன் எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பார்.

கட்டுவதற்கு என்ன வேண்டும்

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-இல் உருவான, விதி அமைப்புகளைக் கட்ட உதவும் கிளிப்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ப்ரோலாக் என்ற நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால் பின்னோக்கு ஓட்டத்துக்கு அது இன்னும் எளிது. ஐம்பது, அறுபது விதிகள் என்றால் ஒரு விரிதாளிலேயே தொடங்கிவிடலாம். நிரல் எழுதுவதில் பெரிய கஷ்டம் இல்லை, விதி சேகரிப்பதில்தான் கஷ்டம். பயிற்றுநரிடம் போய் “ஃபிட்டருக்கு என்ன தகுதி வேண்டும்” என்று கேட்டால் ஆர்வம், உழைப்பு, ஒழுக்கம் என்பார். “போன வருடம் பாதியில் நின்ற பையன் யார், அவன் தாங்க மாட்டான் என்று உங்களுக்கு எந்த வேலையில் தெரிந்தது” என்று கேட்க வேண்டும். அப்போதுதான் வெர்னியர் அளவை மூன்று முறை எடுத்து மூன்று விதமாகச் சொல்லிவிட்டு அதைப் பற்றிக் கவலையே படாதவன், புகையில் கண் எரிந்தும் அடுத்த ராடைக் கையில் எடுத்தவள் என்று உண்மையான விதிகள் வெளியே வரும். தொழிலில் இருக்கும் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேரிடமும் இதே பாணியில் கேட்க வேண்டும். கூடத்துக்குள் இருப்பவருக்குத் தெரியாத தொழிற்சாலை வாழ்க்கை அவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அதைச் சொன்னது யார், எந்த வருடம் என்று எழுதிவைக்க வேண்டும். தகுதி விதிகளை ஒவ்வொரு சேர்க்கைக்கு முன்பும் புதிய அறிவிப்போடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ரயில்வே, மின்வாரிய அறிவிப்புகளையும் சேர்த்து. சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகளிடம் அந்த மூன்று பெயர் தாளைக் காட்டி, இன்றைக்கு இதில் எதை எடுப்பாய் என்று கேட்டுப் பதிலை விதியின் எதிரே குறித்துக்கொண்டே வந்தால், எந்த விதியின் எண்ணைக் குறைப்பது, எதை எடுத்துவிடுவது என்று அடுத்த மே மாதத்துக்குள் தெரிந்துவிடும்.